பெரியது, பெருந்தெரு, பாரியது: கொழும்புத் தமிழில் பருமையின் சொற்கள்

1. கேள்வி

கொழும்பின் தமிழ்ச் செய்தி மேசை ஒன்றுக்கு ஆங்கில அறிக்கை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஓரிடத்தில் 'ஹியூஜ்' என்றிருக்கும், இன்னோரிடத்தில் 'மாஸிவ்'. அடுத்தடுத்த பத்திகளில் 'மேஜர்', 'லார்ஜ் ஸ்கேல்', 'சீரியஸ்' வரும். மறுநாள் அச்சாகும் தமிழ்ப் பிரதியில் இந்த ஐந்து இடத்திலும் ஒரே சொல் நிற்பதற்கு வாய்ப்பு அதிகம்: பாரிய. பாரிய நட்டம், பாரிய விபத்து, பாரிய சத்திரசிகிச்சை, பாரிய அபிவிருத்தித் திட்டம், பாரிய மோசடி. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை எதையும் ஒரு வாரம் தொடர்ந்து வாசிப்பவருக்கு இதற்கு மேற்கோள் காட்டத் தேவையில்லை.

இதைச் சுட்டிக்காட்டினால் வரும் வழக்கமான பதில், ஆங்கிலத்தில் பெரியதைச் சொல்லப் பத்துச் சொல் இருக்கிறது, தமிழில் 'பெரிய' ஒன்றுதானே இருக்கிறது என்பது. மொழிபெயர்ப்பாளர்கள் மட்டுமல்லாமல், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதையே சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கூற்றைச் சோதிக்கிறது. அதற்கான சான்றுகளில் பெரும்பகுதியை மாளிகாவத்தையிலும் அதைச் சுற்றிய கொழும்பிலும் புழங்கும் தமிழிலிருந்தே எடுத்திருக்கிறேன். முஸ்லிம்களின் தமிழும், கொட்டாஞ்சேனைக் கிறிஸ்தவர்களின் தமிழும், வெள்ளவத்தையில் குடியேறிய யாழ்ப்பாணத்தாரின் தமிழும் சில மைல்களுக்குள் கலந்து கிடக்கும் நகரம் இது. வீரகேசரி 1930 முதலும் தினகரன் 1932 முதலும் வெளிவருவதும் இந்நகரத்திலிருந்துதான்.

2. ஆங்கிலத்தின் பத்துச் சொல்

முதலில் ஆங்கிலத்தின் செல்வத்தை அளந்து பார்ப்போம். எட்வர்ட் சபீர் 1944இல் வெளியான கட்டுரையொன்றில் காட்டியதுபோல, 'பெரிய', 'சிறிய' என்பவை பொருளின் தன்மையைச் சொல்பவை போலத் தோன்றினாலும் உண்மையில் அவை ஒப்பீடுகள். பெரிய எலி பெரிய வீட்டைவிடச் சிறியது. 'பிக்', 'லார்ஜ்' இரண்டும் இந்த வகை. 'வெரி' என்ற அடையை இயல்பாக ஏற்பவை. 'ஹியூஜ்', 'என்னோர்மஸ்', 'ஜைகான்டிக்', 'கொலோசல்' போன்றவை எல்லைக்கே போய் நிற்பவை. அவற்றின் முன் 'வெரி' வந்தால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும்.

எல்லையில் நிற்பவற்றுள்ளும் வேறுபாடு உண்டு. அது பெரும்பாலும் ஒவ்வொரு சொல்லும் சுமந்து வரும் பழைய படத்தில் இருக்கிறது. 'என்னோர்மஸ்' என்பதன் இலத்தீன் மூலம் முறையை மீறியது என்று பொருள்படும். ஆங்கிலத்தில் ஒரு காலம் அது கொடுமையானதையும் குறித்தது. 'இம்மென்ஸ்' அளக்கப்படாதது. 'வாஸ்ட்' என்பதன் மூலம் வெறுமையான, பாழான என்ற பொருளுடையது. அதனால்தான் பாலைவனமும் கடலும் அதை ஏற்கின்றன, யானை ஏற்பதில்லை. 'மாஸிவ்' திணிவுள்ளது. 'கொலோசல்' ரோட்ஸ் தீவில் நின்ற சிலையின் நினைவு. 'ஜம்போ' இலண்டன் மிருகக்காட்சிசாலையிலிருந்து 1882இல் அமெரிக்க சர்க்கஸ்காரருக்கு விற்கப்பட்ட ஒரு யானையின் பெயர்; இன்று விமானத்துக்கும் பற்பசைக் குழாய்க்கும் அடைமொழி.

ஆக, ஆங்கிலம் அளவின் படிநிலைகளைப் பத்தாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பது சரியல்ல. 'என்னோர்மஸ்' பெரிதா, 'இம்மென்ஸ்' பெரிதா என்று ஆங்கிலேயரைக் கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. அளவு ஏறத்தாழ ஒன்றுதான். எதன் அளவு, எப்படிப்பட்ட அளவு என்பதில்தான் அச்சொற்கள் பிரிகின்றன. தமிழ் இந்தப் பிரிவைச் செய்கிறதா, செய்தால் எங்கே செய்கிறது என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

3. தொல்காப்பியர் போட்ட பிரிவு

தொல்காப்பியத்தின் உரியியல் இந்தக் கேள்விக்கு வியக்கத்தக்க நேரடியான பதில் வைத்திருக்கிறது. தட, கய, நளி என்ற மூன்றும் பெருமை, அதாவது பருமை, என்ற பொருளில் வரும் என்கிறார் தொல்காப்பியர். அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் நிகண்டு. அவர் அடுத்த அடியை எடுத்து வைக்கிறார்: தட என்பது வளைவையும், கய என்பது மென்மையையும், நளி என்பது செறிவையும் கூடக் குறிக்கும். ஒரே 'பெரிய'தான். ஆனால் ஒன்று வளைந்து பெருத்தது, ஒன்று மென்மையாய்ப் பெருத்தது, ஒன்று நெருங்கிப் பெருத்தது. தடக்கை என்றால் நீண்டு வளையும் பெரிய கை. அதை நளிகை என்று எவரும் பாடவில்லை. வியல் என்ற சொல்லை அவர் இந்த மூன்றோடு சேர்க்கவே இல்லை. அது அகலத்துக்கு உரியது என்று தனியே வைக்கிறார். ஆங்கிலத்தின் 'வாஸ்ட்' யானையை ஏற்காததற்கும் வியல் தனியே வைக்கப்பட்டதற்கும் காரணம் ஒன்றே: பரப்பின் பெருமை வேறு, உருவின் பெருமை வேறு.

பின்வந்த நிகண்டுகள் இந்த நுட்பத்தைக் காக்கவில்லை என்பது என் எண்ணம். செய்யுள் இயற்றுவோருக்கு எதுகை மோனைக்கு ஏற்ற மாற்றுச் சொல் வேண்டியிருந்தது. நிகண்டாசிரியர்கள் பெருமை என்ற ஒரு தலைப்பின்கீழ் சொற்களைக் குவித்துக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் தொடங்கி, மிரன் வின்ஸ்லோ 1862இல் வெளியிட்ட பேரகராதியும் பெரும்பாலும் அந்தக் குவியலின் வாரிசுதான். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த 'ஒரு பொருள் பன்மொழி' என்ற பாடம் இந்தச் சமன்படுத்தலை நம் தலையில் ஏற்றிவிட்டது. தட, கய, நளி மூன்றும் ஒன்று என்று மனனம் செய்த தலைமுறைக்கு 'மாஸிவ்', 'மேஜர்', 'சீரியஸ்' மூன்றும் ஒன்றாய்த் தெரிவதில் வியப்பில்லை.

தட, கய, நளி வழக்கொழிந்தன. அவை செய்த வேலையும் ஒழிந்ததா? இல்லை. வேறு உறுப்புகளுக்குப் போயிற்று.

4. பெரியாஸ்பத்திரியும் பேராலயமும்

ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, சில மொழிகளில் பெயரடைகள் மிகக் குறைவு என்றும், அந்தக் குறைந்த தொகைக்குள்ளும் பருமனைக் குறிப்பவை இடம்பிடித்துவிடுகின்றன என்றும் காட்டியது. மற்றப் பண்புகளைப் பெயரோ வினையோ சொல்லிவிடும். தமிழ் மரபிலக்கணத்தில் பெயரடை என்ற தனி வகையே இல்லை. 'பெரிய' என்பது குறிப்புப் பெயரெச்சம். அப்படியானால் நாம் தேட வேண்டிய இடம் பெயரடைப் பட்டியல் அல்ல.

கொழும்பின் தெருக்களில் தேடுவோம். தேசிய வைத்தியசாலை எங்கள் பேச்சில் பெரியாஸ்பத்திரி. புதிய சோனகத் தெருவில் உள்ளது கொழும்பு பெரிய பள்ளிவாசல். கிறிஸ்தவர்களுக்கு உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய வெள்ளி பெரிய வெள்ளி. இவற்றில் எதையும் 'மிகப் பெரியாஸ்பத்திரி' என்று கூட்ட முடியாது. 'பெரிய' இங்கே அளவை விட்டுவிட்டுத் தலைமையைக் குறிக்கிறது. நாளை இதைவிட அதிகக் கட்டில்களோடு இன்னொரு மருத்துவமனை எழுந்தாலும் பெரியாஸ்பத்திரி இதுவாகவே இருக்கும்.

'பெரு', 'பேர்' என்று ஒட்டி வரும் வடிவம் இதைவிடக் கறாரானது. கொட்டாஞ்சேனை புனித லூசியா ஆலயம் பேராலயம் ஆனது ஆயரின் இருக்கை அங்கே இருப்பதால். அதன் குவிமாடம் பெரிதாய் இருப்பது வேறு சங்கதி. முஸ்லிம்களுக்கு நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் உண்டு; 'பெரிய நாள்' என்று ஒன்று இல்லை. பெருங்கடல் என்பது ஒரு வகை. பெரிய கடல் என்பது கடலைப் பற்றிய ஒருவரின் கருத்து. மலையகத்தின் தேயிலைக்கும் இறப்பருக்கும் உரியது பெருந்தோட்டம். வீட்டுக்குப் பின்னால் உள்ளது எவ்வளவு விரிந்தாலும் பெரிய தோட்டம்தான். வயலில் பெரும்போகம், சிறுபோகம். 2004 டிசம்பர் 26இல் கரையோரத்தை அழித்ததை ஆழிப்பேரலை என்று எழுதினார்கள். 'ஆழிப் பெரிய அலை' என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது கரைக்கு வரும் அலைகளில் பெரியது ஒன்றல்ல, வேறு இனம்.

இந்த ஒட்டுவடிவம் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதும் இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைத் துறை. இலங்கையில் பெருந்தெருக்கள் அமைச்சு. பொருள் ஒன்றே. அங்கே நீளத்தைப் பார்த்தார்கள், இங்கே தரத்தைப் பார்த்தார்கள். ஆங்கிலத்தின் பத்துச் சொற்களில் ஒன்றுகூட இந்த வேலையைச் செய்வதில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வகையைக் குறிக்க அவர்களுக்கு 'கிராண்ட்', 'கிரேட்', 'ஹை' என்ற வேறு சொற்கள் தேவைப்படுகின்றன.

இரண்டாவது உறுப்பு பெயர்ச்சொல்லே. மேடு, குன்று, மலை என்று சொன்ன மாத்திரத்தில் அளவு வந்துவிடுகிறது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் புதைத்த மீதொட்டமுல்லைக் குவியல் செய்திகளில் குப்பைமேடு, பேச்சில் குப்பைமலை. இரண்டுக்கும் இடையில் அடைமொழி ஏதும் தேவைப்படவில்லை. பொலன்னறுவையில் பராக்கிரமபாகு கட்டிய குளத்தை 'மிகப் பெரிய குளம்' என்னாமல் சமுத்திரம் என்றார்கள். மாளிகாவத்தை என்ற ஊர்ப்பெயரே சிங்களத்தில் மாளிகைத் தோட்டம். பருமையெல்லாம் 'மாளிகை' என்ற பெயருக்குள் இருக்கிறது, தொடர்மாடிகளும் நெருங்கிய சிறு வீடுகளுமாய் இன்று அந்த ஊர் மாறியிருந்தாலும். எண்ணுப்பெயரும் இதே வேலையைச் செய்யும். ஆர். பிரேமதாச வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது தொடங்கியவை ஒரு இலட்சம் வீட்டுத் திட்டமும் அதன்பின் 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும். இரண்டின் பெயரிலும் எண்தான் பருமையைச் சொல்கிறது. விளம்பரம் என்றாலும், எண்ணிப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய விளம்பரம் அது.

மூன்றாவது வழி பேச்சில் உள்ளது. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்தார் 'பென்னம்பெரிய வீடு' என்பார்கள். மாளிகாவத்தையில் இரண்டாம் எழுத்தை இழுத்து 'பெரீய வீடு'. மேடையில் 'மாபெரும் பொதுக்கூட்டம்': 'மா'வும் பெரியது, 'பெரும்'உம் பெரியது. இரட்டிப்பதும் இழுப்பதும் தமிழ் எல்லையைத் தொடும் முறை. சோதனைக்கு 'மிக' என்ற அடையைப் போட்டுப் பாருங்கள்: 'மிகப் பென்னம்பெரிய' என்றும் 'மிக மாபெரும்' என்றும் எவரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தின் எல்லைச் சொற்கள் 'வெரி'யை மறுப்பதுபோல இவையும் 'மிக'வை மறுக்கின்றன.

5. கெத்தாராமவில் கிடைத்த சான்று

வடமொழி வழி வந்த சொற்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. அவற்றைப் பார்க்க மிகப் பொருத்தமான இடம் மாளிகாவத்தையில் 1986இல் திறக்கப்பட்ட கெத்தாராம மைதானம், இன்றைய ஆர். பிரேமதாச சர்வதேச கிரிக்கெட் மைதானம். விளையாட்டுப் பக்கம்தான் மிகைச் சொற்களின் உண்மையான ஆய்வுகூடம். அரசியல் பக்கத்தில் மிகை எங்கே, செய்தி எங்கே என்று பிரிப்பது கடினம், இங்கே ஓட்ட எண்ணிக்கை பக்கத்திலேயே இருக்கிறது.

1997 ஓகஸ்டில் அந்த மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட் இழப்புக்கு 952 ஓட்டங்கள் குவித்தது. ஜயசூரிய 340, மகாநாம 225. இரண்டாம் விக்கெட்டுக்கு 576. டெஸ்ட் வரலாற்றின் மிகக் கூடிய அணி எண்ணிக்கை அது. இப்படிப்பட்ட எண்ணிக்கைக்கு நம் விளையாட்டு நிருபர்கள் வைத்திருக்கும் சொல் 'இமாலய'. 340 அடித்தவரின் ஆட்டத்துக்குச் சொல் 'அபார'. இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். 'அபார ஓட்ட எண்ணிக்கை', 'இமாலய ஆட்டம்' இரண்டும் சறுக்குகின்றன. இமயம் குவிந்து நிற்பது, எண்ணிக்கையும் குவிவது. அபாரம் மறுகரை இல்லாதது, திறமைக்கு ஏற்றது, ஆங்கிலத்தின் 'இம்மென்ஸ்' என்ற அளக்கப்படாததற்கு அண்டை வீடு. (அந்த டெஸ்ட் முடிவின்றிச் சமநிலையில் முடிந்தது. 'இமாலய வெற்றி' என்று எழுத வாய்ப்பில்லாமல் போயிற்று.)

அதே மைதானத்தில் 2023 செப்டெம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். இந்தியாவுக்கு இலக்கை எட்ட 6.1 ஓவர் போதுமாயிருந்தது. இதற்குத் தமிழ் 'படுதோல்வி' என்கிறது. படுதோல்வி உண்டு, படுகாயம் உண்டு, படுவெற்றி இல்லை. கேட்டின் பெருமைக்கு ஒரு சொல், ஆக்கத்தின் பெருமைக்கு வேறு சொல். இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தின் 'ஹியூஜ்' செய்வதில்லை. அது வெற்றி தோல்வி இரண்டுக்கும் ஒன்றேதான்.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். பூதாகரமாவது பிரச்சினை, நன்மை எதுவும் பூதாகரமாவதில்லை. இராட்சதக் குழாய், இராட்சதச் சுறா என்று உருவத்துக்கு 'இராட்சத'. வெள்ளவத்தை வீட்டு விளம்பரங்களில் அறைகள் எப்போதும் 'விசாலமான'வை, அவை எவ்வளவு ஒடுங்கியிருந்தாலும். 'பிரமாண்டம்' திரைப்படத்துக்கும் கலியாண மண்டபத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்டம் முழுவதையும் குறித்த சொல் இன்று செலவுக் கணக்கைக் குறிக்கிறது.

6. 'பாரிய' என்பதற்கு ஆதரவாகவும் எதிராகவும்

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். தமிழில் இத்தனை வழி இருக்க, இலங்கைச் செய்தித் தமிழ் ஏன் 'பாரிய' ஒன்றில் வந்து ஒதுங்கியது?

சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி நியாயமே. 'பாரிய' ஓர் உண்மையான இடைவெளியை நிரப்புகிறது. 'பெரு' ஒட்டினால் சொல் கலைச்சொல் ஆகிவிடுகிறது: 'பெருமோசடி' என்றால் சட்டத்தில் அப்படி ஒரு குற்றப் பிரிவு இருப்பதுபோல் ஒலிக்கும். 'பெரிய மோசடி' என்றால் பேச்சு வழக்காகிவிடும். அலுவலக நடைக்கு ஏற்ற, ஒட்டாமல் தனித்து நிற்கும் ஓர் அடைமொழி தேவைப்பட்டது. 'பாரிய' அந்த இடத்துக்கு வந்தது. அதற்கு எல்லையும் உண்டு. பாரிய பானை இல்லை, பாரிய அண்ணன் இல்லை. நிகழ்வுக்கும் திட்டத்துக்கும் தொகைக்கும் மட்டுமே அது உரியது. தமிழ்நாட்டு வாசகர் இதை விந்தையாகப் பார்ப்பது நம் வழக்கைக் கைவிடுவதற்குக் காரணமாகாது.

இன்னொரு நெருக்குதலும் உண்டு. 2015இல் உருவான 'மெகாபொலிஸ்' அமைச்சைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற சிக்கல் எழுந்தது. மாநகரம் என்ற சொல்லைக் கொழும்பு மாநகர சபை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. 'மாநகர' என்றும் 'பாரிய நகர' என்றும் இரண்டு விதமாகவும் எழுதினார்கள். 'மா' தரமாக உறைந்துபோனதால் அளவைச் சொல்ல 'பாரிய'வை அழைக்க வேண்டியிருந்தது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அடுத்த படியில். அதே 2015இல் ஊழல், மோசடி, அதிகாரத் துஷ்பிரயோகம் ஆகியவற்றை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. ஆங்கிலப் பெயரில் குற்றங்களுக்கு அடைமொழி 'சீரியஸ்'. சிங்களத்தில் 'பரபத்தல', அதாவது பாரமானது. தமிழ்ச் செய்திகளில் அது 'பாரிய ஊழல், மோசடி' ஆணைக்குழு ஆயிற்று. 'பாரிய' என்பதைப் பாரத்தோடு உறவுபடுத்தி, அதுவும் எடையைத்தானே சொல்கிறது என்று வாதாடலாம். வாசகர் காதில் அப்படி விழுவதில்லை. பாரிய திட்டம், பாரிய முதலீடு என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய காதுக்கு 'பாரிய மோசடி' என்றால் தொகை பெரிய மோசடி. குற்றத்தின் கடுமை தொகையில் மட்டும் இல்லை. சிறு தொகைக்காக ஓர் அரச அதிகாரி பொது நம்பிக்கையை விற்றிருந்தால் அது தொகையில் சிறிது, குற்றத்தில் கனமானது.

வேதனை என்னவென்றால், இதற்கு இலங்கைத் தமிழிலேயே வேறு சொல் உயிரோடு இருக்கிறது: பாரதூரமான. பாரதூரமான குற்றம், பாரதூரமான விளைவு என்று நம் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் இன்றும் சொல்கிறார்கள். பாரியது பருமனில் பெரியது. பாரதூரமானது விளைவில் கனமானது. தட, கய, நளி என்று தொல்காப்பியர் பிரித்த அதே கூர்மையோடு வழக்கு இந்த இரண்டையும் பிரித்து வைத்திருந்தது. செய்தி மேசை அதை ஒன்றாக்கிவிட்டது.

'பாரிய' தன் கூர்மையை இழந்துவிட்டது என்பதற்கு மேலே சொன்ன 'மிக' சோதனையே சான்று. 'மிகப் பாரிய' என்று இப்போது தாராளமாக எழுதுகிறார்கள். 'மிக'வை ஏற்கும் சொல் எல்லைச் சொல்லல்ல. அது உடுப்பு மாற்றிய 'பெரிய'தான்.

7. முடிபு

தமிழில் பருமையைச் சொல்லச் சொல் இல்லை என்ற கூற்றைச் சான்றுகள் ஏற்கவில்லை. ஆங்கிலம் அடைமொழிகளில் வைத்திருப்பதைத் தமிழ் ஒட்டுவடிவத்திலும் பெயரிலும் இரட்டிப்பிலும் பிரித்து வைத்திருக்கிறது. வகை, தரம், நன்மை தீமை என்ற சில பிரிவுகளில் அது ஆங்கிலத்தைவிட நுட்பமாகவே இருக்கிறது. இழப்பு நேர்வது, ஆங்கில வாக்கியத்தில் அடைமொழி நின்ற இடத்திலேயே தமிழிலும் ஓர் அடைமொழியைத் தேடும்போது.

ஆகவே செய்தி மேசையில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 'பாரிய' என்று தட்டச்சு செய்யுமுன் பெரியது எது என்று பாருங்கள்: பரப்பா, தொகையா, எடையா, கேடா, குற்றமா? பரப்பென்றால் பரந்த என்றும், தோல்வியென்றால் படுதோல்வி என்றும், குற்றமென்றால் பாரதூரமான என்றும் எழுதுங்கள். தொகை தெரிந்திருந்தால் அடைமொழியே வேண்டாம், தொகையை எழுதுங்கள்.